குறைந்த காசில் வீட்டு ஒலிப்பதிவு அறை: எதை முதலில் மாற்றுவது, எதைத் தள்ளிப்போடுவது

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஒலிப்பதிவு அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, சீமெந்து நிலம், பூசிய கல் சுவர், மேலே பத்தடி உயரத்தில் கொங்கிரீட் கூரை, ஒரேயொரு யன்னல். தேவாரம், கோயில் திருவிழாவுக்கான பக்திப் பாடல்கள், காணொளிகளுக்கான குரல், மருதனார்மடத்தில் இசை படிக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் பதிவுகள் என்று எல்லாம் இதற்குள்தான் நடக்கின்றன. முதல் இரண்டு வருடத்தில் நான் செலவழித்த காசில் பாதி வீண். வாங்கிய சாமான்கள் நல்லவைதான். வாங்கிய வரிசை பிழை.

ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன் ஆசையாக ஒரு கொண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் வகை) கொண்டுவந்து தந்தார். அதுவரை ஒரு மலிவான மைக்கில் பதிந்துகொண்டிருந்த எனக்கு இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு. முதல் நாள் பதிந்து கேட்டேன். குரல் தெளிவாகத்தான் வந்தது. அதே தெளிவில் முருங்கையிலிருந்த காகமும், மூன்று ஒழுங்கை தள்ளிப் போன பாண் விற்கும் ஓட்டோவின் பீத்தோவன் மெட்டும், நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பிய என் பாடகரின் குரலும் வந்திருந்தன. பழைய மைக்கில் மங்கலாக இருந்த குறைகளைப் புது மைக் துலக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

அதன்பிறகு ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் வாங்குகிறேன்: பதிந்து முடித்த பிறகு திருத்த முடியாத குறை எது? அதற்குத்தான் முதல் காசு. குரல் கொஞ்சம் மந்தமாக இருந்தால் ஈகுவலைசரில் (அடித்தொனி, மேல்தொனியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருத்தலாம். சத்தம் கூடிக் குறைந்தால் கையால் சமன் செய்யலாம். ஆனால் அறையின் எதிரொலி குரலோடு ஒட்டி வந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. எதிரொலியை நீக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. பேச்சுக்கு ஓரளவு உதவும். பாட்டில் அவற்றைப் போட்டால் கமகத்தின் நுனியையும் வார்த்தை முடிவின் இழையையும் சேர்த்துத் தின்றுவிடும். கீழே உள்ள வரிசை இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

படி 1: கடைக்குப் போகுமுன் ஒரு நிமிடம் பதியுங்கள்

இப்போது உங்களிடம் இருப்பது எதுவோ, போனாக இருந்தாலும் சரி, அதிலேயே ஒரு நிமிடம் பதியுங்கள். முதல் இருபது நொடி யாரும் மூச்சுக்கூட விடாத அமைதி. அடுத்த இருபது நொடி சாதாரணமாகக் கதையுங்கள். கடைசி இருபது நொடி உச்சத்தாயியில் பாடுங்கள், அல்லது உங்கள் வாத்தியத்தை வாசியுங்கள். பிறகு ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேட்டு, காதில் விழும் குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் எரிச்சலூட்டுவது எதுவோ அது மேலே வரட்டும்.

அமைதிப் பகுதியில் 'உஸ்' என்று இரைந்தால் மைக்கோ, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்பேஸோ போதாமல் இருக்கலாம். 'ம்ம்' என்று ஆழமாக முனகினால் அது மின்சாரம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் முனகலும் 50, 100, 150 என்றுதான் வரும். கதைக்கும்போது குளியலறையில் நிற்பதுபோல் கேட்டால் அறையில் பிழை. 'ப', 'பூ' என்று வரும் இடங்களில் காற்று மோதினால் மைக்குக்கு முன்னால் ஒரு துணி போதும். உச்சத்தாயியில் கரகரத்தால் கெயினை (மைக்கின் சைகையைப் பெருக்கும் அளவை) அதிகம் கூட்டி வைத்திருக்கிறீர்கள், அதற்குச் செலவே இல்லை.

அந்தப் பதிவை அழிக்காமல், தேதி போட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

படி 2: காசு செலவாகாத திருத்தங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவு செய்பவருக்கு நாட்காட்டியும் ஒரு கருவிதான். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் நல்லூரைச் சுற்றி இருப்பவர்கள் பெரிய பதிவுகளை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. மற்ற ஊர்களிலும் வைகாசி தொடங்கி ஆவணி வரை ஏதாவதொரு கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அதோடு சோளகக் காற்று வேறு. பனை ஓலைகள் சலசலக்கும் சத்தம் கேட்க இனிமைதான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அது வந்தால் பாட்டுக்கு ஆகாது.

என் அனுபவத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி முதல் மூன்றரை வரையும், இரவு பத்துக்குப் பிறகும் நல்ல நேரம். இரவில் நாய்கள் குரைக்கும், ஆனால் நாய் நிற்கும்வரை காத்திருக்கலாம். ஒலிபெருக்கி நிற்கும்வரை காத்திருக்க முடியாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். வெக்கையில் பாடகர் வாடிவிடுவார் என்பது உண்மைதான். ஆகவே பதினைந்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் விசிறி என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டி பக்கத்து அறையில் இருந்தால் பதியும் நேரத்துக்கு நிறுத்தலாம். மறக்காமல் திரும்பப் போட ஒரு வழி: வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். அம்மாவிடம் இரண்டு முறை ஏச்சு வாங்கிய பிறகு நான் கண்டுபிடித்த வழி இது.

மைக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் இலவசத் திருத்தம்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். அறையின் சத்தம் அப்படியே நிற்கும். ஒரு முழம் தள்ளி வைத்திருந்த மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கார்டியோயிட் வகை மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். எனவே மைக்கின் முதுகு யன்னலைப் பார்க்கட்டும்.

படி 3: அறை

இங்கேதான் அதிகம் மினக்கெட வேண்டும். காசு குறைவாகவும் பலன் அதிகமாகவும் வருவது இதில்தான்.

அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டுங்கள். 'டிர்ர்' என்று சிறகடிப்பதுபோல் ஒரு வால் கேட்கிறதா? எதிரெதிர்ச் சுவர்கள் பந்து விளையாடுகின்றன. நமது வீடுகளில் சீமெந்து நிலம், பூச்சுச் சுவர், தளபாடம் குறைவு. இது சத்தத்துக்குக் கொண்டாட்டம்.

அடித்தொனியில் நடப்பது இன்னொரு கதை. நமது வெப்பநிலையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். பன்னிரண்டடி என்றால் 3.66 மீற்றர். அந்தச் சுவர்களுக்கு இடையில் முதலில் திரண்டு நிற்கும் ஒலி 48 ஹேர்ட்ஸ், பிறகு அதன் மடங்குகளான 95, 143. பத்தடிச் சுவர்களுக்கு 57, 114, 172. என் அறையின் உயரமும் பத்தடியாக இருப்பதால் இந்த வரிசை இரட்டிப்பாகிறது. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணின் ஆதார சட்ஜம் 139 ஹேர்ட்ஸ் அளவில், இரண்டு கட்டை என்றால் 147 அளவில். என் அறையின் 143 சரியாக இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சில பாடகர்கள் சட்ஜத்தில் நிற்கும்போது மட்டும் குரல் ஏன் வீங்குகிறது என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. மைக்கை மாற்றிப் பார்த்தேன், வயரை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பாடகரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிறுத்தியதும் பாதி குறைந்தது. உங்கள் அறையை அளந்து நீங்களும் கணக்குப் பாருங்கள்: 349ஐ, மீற்றரில் அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் எண் கிடைக்கும். மூன்று பக்கமும் ஒரே அளவான அறை உங்கள் வீட்டில் இருந்தால் அதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி உறிஞ்சும் பொருள். முட்டை அட்டை ஒட்டாதீர்கள். பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கும், வேலை செய்யாது. ஓர் அங்குல ஃபோமும் ஏறத்தாழ அப்படித்தான். சுவரோடு ஒட்டிய ஒரு பொருள் ஓர் ஒலியை வடிவாக உறிஞ்ச, அதன் தடிப்பு அந்த ஒலியின் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கை அண்டியிருக்க வேண்டும். 1000 ஹேர்ட்ஸுக்கு அது 9 சென்ரிமீற்றர். 100 ஹேர்ட்ஸுக்கு 87 சென்ரிமீற்றர்! மெல்லிய ஃபோம் மேல்தொனியை மட்டும் தின்றுவிட்டு அடித்தொனியை விட்டுவிடும். அறை இருண்டு, ஆனால் இரைந்துகொண்டே இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது தும்பு மெத்தை. தென்னந்தும்பு காற்றுப் புகும் பொருள், ஒலியை நன்றாக உறிஞ்சும். பழைய மெத்தைகள் இரண்டை வாங்கி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, மரச்சட்டம் அடித்து, அம்மாவின் பழைய பருத்திச் சேலையால் போர்த்தினேன். சேலை காற்றை விடவேண்டும். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரும் துணிதான் சரி. றெக்சின் போர்த்தினால் மேல்தொனி அதில் பட்டுத் திரும்பிவிடும். ஹாட்வெயர் கடையில் ரொக்வூல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு) கிடைத்தால் இன்னும் நல்லது. 10 சென்ரிமீற்றர் தடிப்பு, சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு கை அகல இடைவெளி. அந்த இடைவெளி காசில்லாமல் கிடைக்கும் தடிப்பு. ரொக்வூலை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள்.

எங்கே வைப்பது? பலரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக்கைச் சுற்றி வளைத்து நிற்கும் கேடயம் ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. யோசித்துப் பாருங்கள், மைக்கின் முகம் பாடகரைப் பார்க்கிறது, பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்க்கிறது. அந்தச் சுவரிலிருந்து திரும்பி வருவதைத்தான் அது முழுக் காதோடு கேட்கும். ஆகவே முதல் மெத்தை பாடகரின் முதுகுக்குப் பின்னால். அடுத்தது பக்கச் சுவரில், மூன்றாவது மூலையில் நிமிர்த்தி. நிலத்தில் ஒரு சாக்குக் கம்பளம், இல்லாவிட்டால் இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொள்ளுங்கள். பனை ஓலைப் பாய் ஒன்று மட்டும் போதாது, அது மெல்லியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் அறைக்குள்ளான எதிரொலிக்குத்தான். வெளிச் சத்தம் உள்ளே வருவதை மெத்தை தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேண்டும், அது கட்டடச் செலவு. கதவின் கீழிடுக்கில் துணிச் சுருள், யன்னல் ஓரத்தில் ரப்பர் பட்டி. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை நேரத்தால் சமாளியுங்கள்.

படி 4: ஹெட்போன்

அறைக்கு அடுத்ததாக ஹெட்போனைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கும். கேட்க முடியாத பிழையை யாராலும் திருத்த முடியாது. போனோடு வந்த காதுமாட்டியில் 50 ஹேர்ட்ஸ் முனகல் கேட்காது. கேட்காததால் இல்லை என்று நினைத்துப் பாட்டை அனுப்பிவிடுவோம், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அது பூதமாக எழும்பும்.

காதை முழுதாக மூடும் வகை வாங்குங்கள். நம் இசையில் சுருதி இல்லாமல் பாட மாட்டார்கள். அறையில் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டால் அது குரலோடு மைக்கில் ஏறும், பிறகு இரண்டு பதிவுகளை வெட்டி ஒட்டும்போது தம்புரா துண்டு துண்டாகக் குதிக்கும். சுருதி ஹெட்போனுக்குள் மட்டும் இருந்தால் குரல் தனியாக வரும். கச்சேரி மட்டும் பாடிப் பழகியவர்கள் ஹெட்போன் போட்டதும் சுருதி விலகுவார்கள். ஒரு காதை மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

ஓடியோ-டெக்னிக்காவின் எம்40எக்ஸ், சோனியின் எம்டிஆர்-7506 போன்றவை பல காலமாக நம்பிப் பயன்படுத்தப்படுபவை. 250 ஓம் என்று போட்ட ஹெட்போன்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சிறிய இன்டர்பேஸ்கள் பலவற்றுக்கு அவற்றைப் போதிய சத்தத்தில் ஒலிக்க வைக்கும் தெம்பு இருக்காது.

படி 5: மைக்

அறை இன்னும் முழுதாகத் திருந்தவில்லை என்றால் டைனமிக் மைக். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டைனமிக் மைக்கைக் கிட்ட வைத்துப் பாடலாம், தூரத்துச் சத்தம் அதில் அவ்வளவாக ஏறாது. ஷுவர் எஸ்எம்58 1966இல் வந்தது. இன்றும் கோயில் மேடையிலும் ஸ்டூடியோவிலும் அதைப் பார்க்கலாம். கீழே விழுந்தாலும் உழைக்கும், திரும்ப விற்றாலும் காசு வரும். ஒரு பிரச்சினை, போலிகள் ஏராளம். உண்மையானது 298 கிராம் நிறை. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நிறை நன்றாகக் குறைந்தால் விட்டுவிடுங்கள். நிறை சரியாக இருப்பது மட்டும் சான்று ஆகாது, எனவே நம்பிக்கையான இடத்திலேயே வாங்குங்கள்.

கிட்ட நின்று பாடினால் அடித்தொனி வீங்கும். கார்டியோயிட் மைக்குகளின் இயல்பு அது. ஈகுவலைசரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பெண்குரலுக்கு 120 வரைகூடப் போகலாம்.

எல்லாக் காணொளிகளிலும் தெரியும் எஸ்எம்7பி மீது பலருக்கு ஆசை. அது நல்ல மைக்தான். ஆனால் அது தரும் மின் சைகை மிகச் சிறியது, ஏறத்தாழ 60 டெசிபெல் கெயின் கேட்கும். மலிவான இன்டர்பேஸில் அவ்வளவு கூட்டினால் இரைச்சலும் கூடி வரும். அப்புறம் இடையில் பொருத்த ஒரு பூஸ்ரர் வாங்க வேண்டிவரும். ஒரு சாமான் இன்னொரு சாமானைக் கேட்கும் இந்தக் கண்ணியில்தான் காசு கரையும்.

கொண்டென்சர் எப்போது? வீணை, வயலின், புல்லாங்குழல் போன்ற மெல்லிய ஒலிக்கு, அல்லது உங்கள் கைதட்டல் சோதனையில் வால் கேட்காமல் போன பிறகு. ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020 மாதிரி ஒன்று தொடக்கத்துக்குப் போதும். 48 வோல்ட் பாண்டம் பவர் (இன்டர்பேஸ் மைக் வயர் வழியாகத் தரும் மின்சாரம்) வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாரி காலத்தில் கொண்டென்சரை மேசையில் விட்டுவைக்காதீர்கள். ஈரம் ஏறினால் பொரிவதுபோல் ஒரு சத்தம் வரும். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள், அதன் தூசு மைக்குக்குக் கூடாது.

நாதஸ்வரமும் தவிலும் தனி வழக்கு. இணுவில், அளவெட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். பத்தடி அறைக்குள் அவற்றைப் பதியவே முயலாதீர்கள். வீட்டின் பெரிய விறாந்தையிலோ கோயில் மண்டபத்திலோ, சற்றுத் தள்ளி வைத்து, கெயினைக் குறைத்துப் பதியுங்கள். டைனமிக் மைக் அந்தச் சத்தத்தைத் தாங்கும். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் இருந்தால் நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் முன்பக்கமாக, இரண்டு தலைகளுக்கும் நடுவில், ஒரு முழம் தள்ளி.

உறுதியான ஸ்ராண்டும் காற்றுத் தடுப்புத் துணியும் மைக்கோடு சேர்ந்த செலவுகள். காற்றுத் தடுப்பை வாங்கவே வேண்டாம். எம்பிராய்டரி வளையத்தில் நைலோன் காலுறைத் துணியை இழுத்துக் கட்டினால் சரி. ஸ்ராண்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், பாட்டின் நடுவில் மெல்லத் தலை குனியும் ஸ்ராண்ட் மாதிரி எரிச்சல் வேறில்லை.

படி 6: இன்டர்பேஸ்

போனிலோ யுஎஸ்பி மைக்கிலோ பதிபவருக்கு முதல் இன்டர்பேஸ் பெரிய முன்னேற்றம். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவருக்கு இரண்டாவது இன்டர்பேஸ் பெரும்பாலும் ஆசைச் செலவு. இன்றைய மலிவான பெட்டிகள்கூட 24 பிட்டில் பதியும். கொள்கையளவில் அது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையில் 144 டெசிபெல் இடைவெளி. உங்கள் அறையின் அமைதி அதற்குக் கிட்டவும் வராது.

மாற்றுவதற்கு மூன்று நியாயமான காரணங்கள்தான் எனக்குத் தெரியும். ஒரே நேரத்தில் பதிய வேண்டிய மைக்குகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. அல்லது கெயின் போதவில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2இன் மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபெல், நான்காம் தலைமுறையில் 69, இந்த வித்தியாசம் டைனமிக் மைக்குக்குத் தெரியும். அல்லது டிரைவர் (பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) அடிக்கடி தடுமாறுகிறது. இவை எதுவும் இல்லையென்றால் அந்தக் காசை எடுத்து வையுங்கள்.

இரண்டு உள்ளீடுள்ள பெட்டியாகவே வாங்குங்கள். குரலும் மிருதங்கமும், அல்லது குரலும் வயலினும் ஒன்றாகப் பதிய வேண்டிய நாள் சீக்கிரம் வரும். பதியும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும் (0 தான் மேல் எல்லை). 24 பிட்டில் அதைவிட மேலே தள்ள வேண்டிய தேவை இல்லை.

பாடும்போது குரல் பிந்திக் கேட்கிறது என்று உடனே கணினியைக் குறை சொல்லாதீர்கள். 48,000 ஹேர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரி) பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 512 என்று வைத்தால் அது மட்டுமே 10.7 மில்லிநொடி, போய்வரும் தாமதம் இன்னும் கூட. பதியும்போது 128க்கு இறக்குங்கள். கலக்கும்போது திரும்ப ஏற்றுங்கள். இன்டர்பேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் அதைப் போட்டால் தாமதமே தெரியாது.

படி 7: மின்சாரம், கணினி, மென்பொருள்

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் நான் கற்றது: மடிக்கணினியும் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்பேஸும் இருந்தால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. சொல்லப்போனால் ஊரே அமைதியாகும் அந்த நேரம்தான் சிறந்த நேரம். மேசைக் கணினி வைத்திருப்பவர் யூபிஎஸ் ஒன்றுக்குக் காசு ஒதுக்க வேண்டும்.

சார்ஜரைக் கழற்றியதும் முனகல் நின்றால், பிழை எர்த் வழியில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் கட்டையில் கொழுவுங்கள், பலன்ஸ்ட் வயர் (வழியில் ஏறும் இரைச்சலைக் கழிக்கும் வகை) பயன்படுத்துங்கள், பதியும்போது பற்றரியில் ஓட்டுங்கள். எர்த் பின்னை வெட்டிவிடும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்தொழிலாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்ல முதலீடு. இடி முழங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

கணினியை மாற்றுமுன் எஸ்எஸ்டி போடுங்கள், ரேமைக் கூட்டுங்கள். பதிவு மென்பொருளில் ரீப்பர் 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், சிறு பயனாளருக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர். அதற்குள் இருக்கும் ஈகுவலைசரும் கம்பிரசரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) உங்களுக்கு வருடக்கணக்கில் போதும். 24 பிட், 48,000 ஹேர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட். ஆகவே வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வைப்பது பெரிய செலவில்லை. ஒரு கோயில் பாட்டுத் தொகுப்பை முழுதாக இழந்த பிறகுதான் நான் வாங்கினேன்.

படி 8: மொனிற்றர் ஸ்பீக்கர், கடைசியில்

பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பதற்கான யமஹா எச்எஸ்5 போன்ற ஒரு சோடி மேசையில் இருந்தால் அறைக்கே ஒரு களை வந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருந்தாத அறையில் ஸ்பீக்கர் பொய் சொல்லும். நான் சொன்ன 57 ஹேர்ட்ஸ் வீக்கம் ஒரு நாற்காலியில் பெரிதாகவும் மற்றதில் இல்லாமலும் கேட்கும். மெத்தை வேலை முடிந்து, மூலைகள் அடங்கி, அதன் பிறகும் காசு இருந்தால் வாங்குங்கள். அதுவரை ஹெட்போனில் கலந்து, போனிலும், வீட்டு ரிவியிலும், தெரிந்தவரின் ஓட்டோ ஸ்பீக்கரிலும் கேட்டுச் சரிபாருங்கள். ஓட்டோவில் வார்த்தை விளங்கினால் எங்கும் விளங்கும்.

வாங்கும் வழி

யாழ் நகரக் கடைகளில் எல்லாம் கிடைக்காது, ஆனால் பழுதானால் கொண்டுபோய் நிற்க ஓர் இடம் இருக்கும். கொழும்பில் தெரிவு அதிகம். இரவு பஸ்ஸில் அனுப்பச் சொன்னால் விடிய வந்துவிடும். விலை ஒப்பிடும்போது 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் அங்கே போகிறவர்களிடம் சொல்லிவிடவும் செய்யலாம். திரும்பும்போது சுங்கத்தில் காட்டப் பற்றுச்சீட்டு இருக்கட்டும்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கும்போது ஒன்று கவனம். இலண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் நம்மைப் போலவே 230 வோல்ட். கனடா 120 வோல்ட். மைக், ஹெட்போன், யுஎஸ்பி இன்டர்பேஸ் என்றால் கவலையில்லை. நேரே சுவரில் கொழுவும் ஸ்பீக்கர் என்றால் பின்பக்கத்தில் 100-240 என்று எழுதியிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளக் மாற்றி முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. என் நண்பர் ஒருவரின் கனடா ஸ்பீக்கர் சோடியில் ஒன்று, போட்ட நாளே புகைவிட்டது. மற்றதைச் சோதிக்க அவருக்கு மனம் வரவில்லை.

பங்கு பிரிக்கச் சொன்னால் நான் இப்படிப் பிரிப்பேன். புதிதாகத் தொடங்குபவரிடம் 100 ரூபா இருந்தால் மெத்தை, சட்டம், ஸ்ராண்டுக்கு 25, ஹெட்போனுக்கு 20, டைனமிக் மைக்குக்கு 25, இரண்டு உள்ளீட்டு இன்டர்பேஸுக்கு 25, வயருக்கு 5. பழையது கிடைத்தால் மைக்கையும் இன்டர்பேஸையும் அப்படி வாங்கி, மிஞ்சுவதை மெத்தைக்குச் சேர்ப்பேன். ஹெட்போன் மட்டும் புதிது, பிறர் காது வியர்வை வேண்டாம். வெறும் பேச்சுக் குரல் மட்டும் பதிபவர் ஒரு நல்ல யுஎஸ்பி மைக்கோடு நின்றுவிடலாம். இரண்டாவது மைக் சேர்க்க நினைக்கும் நாளில் அது பயன்படாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

படி 9: திரும்ப ஒரு நிமிடம்

ஒவ்வொரு சாமான் சேர்ந்த பிறகும் முதல் படியில் செய்த அதே ஒரு நிமிடத்தை, அதே இடத்தில், அதே வரிகளோடு பதியுங்கள். பழைய கோப்பையும் புதியதையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகத்தான் கேட்கும், அதனால்தான் சமன் செய்யச் சொல்கிறேன். வித்தியாசம் கேட்காவிட்டால் அந்தச் சாமானை, பெட்டியும் பற்றுச்சீட்டும் பத்திரமாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். வித்தியாசம் கேட்டால் அடுத்த குறை எது என்று தாளில் எழுதுங்கள்.

என் தாளில் இப்போது முதலிடத்தில் இருப்பது பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டர். அதற்கு எந்தக் கடையிலும் சாமான் இல்லை. அம்மா வேலியால் கேட்டுச் சொன்னார்: காலை ஆறரைக்கும் பின்னேரம் ஐந்துக்கும்தான் போடுவார்களாம். அந்த இரண்டு நேரத்தையும் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.